தவமணி அணைத்த திரை

செவ்வாய்க்கிழமை காலை சிம்மக்கல்லில் டவுன் பஸ் ஏறப்போகும்போது அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. தவமணி அண்ணன் மாரடைப்பில் இறந்துவிட்டார் என்றார்கள். பஸ் போனது. நான் ஏறவில்லை.

அவரை அறிந்தவர்களுக்கு அறிமுகம் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கோச்சடையில் உள்ள எங்கள் சிறிய மென்பொருள் நிறுவனத்தில் நானும் அவரும் ஒரே வாரத்தில் சேர்ந்தோம். அவருக்குப் பிறவியிலேயே பார்வையில்லை. திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் மென்பொருளை வைத்துக்கொண்டு என்னைவிட வேகமாக நிரல் எழுதுவார். ஆனால் எல்லோருக்கும் ஏற்ற திரையை எப்படி வடிவமைப்பது என்பது அப்போது எங்கள் இருவருக்குமே தெரியாது.

மருத்துவமனை ஒன்றுக்காக டோக்கன் பதியும் செயலி செய்தோம். திரைகளை நான் வடிவமைத்தேன். அழகாக வந்திருப்பதாகப் பெருமை வேறு. அண்ணன் கைப்பேசியின் திரையைக் கறுப்பாக்கி, காதொலிப்பானை என்னிடம் நீட்டினார். "இப்ப ஒரு டோக்கன் போடுங்க மலரு."

விரலை நகர்த்தினேன். "பட்டன். பட்டன். பட்டன்" என்றது குரல்.

"இம்புட்டுப் பிள்ளையப் பெத்துட்டு ஒன்னுக்கும் பேரு வைக்கலையே" என்றார்.

சிரித்து முடிக்கவே நேரமானது. அன்று மதியமே ஒவ்வொரு பட்டனுக்கும் பெயர் வைக்கத் தொடங்கினோம். அதன்பின் சாப்பாட்டு வேளையெல்லாம் படிப்புதான். பிழையைச் சிவப்பு நிறத்தால் மட்டும் காட்டினால் போதாது. தொட்டதும் என்ன நடந்தது என்று செயலி சொல்ல வேண்டும். புதிதாக ஒன்று புரியும்போதெல்லாம் சோறு ஆறிப்போகும்.

முதலாளிக்கு அவசரம். "கண்ணு தெரியாதவக எம்புட்டுப் பேரு வந்துரப் போறாக? அப்படியே வெளியிட்ருவோம்" என்றார்.

"வாசல் வைக்காத கடைக்கு ஆள் வரலைன்னு சொன்னா எப்படிண்ணே?" என்று அமைதியாகக் கேட்டார் தவமணி. முதலாளி ஒரு வாரம் தந்தார்.

பரவை மார்க்கெட்டில் வெங்காயம் விற்கும் காமாட்சி அக்காவிடம் செயலியைக் கொடுத்துப் பார்த்தோம். அவருக்குப் பார்வை மங்கல், கை நடுங்கும். அவர் பட்டனைத் தேடிக்கொண்டிருக்கும்போதே 'நேரம் முடிந்தது' என்று செயலி மூடிக்கொண்டது. உதவலாமென்று கையை நீட்டினேன். வளையல் சத்தம் கேட்டதும் அண்ணன் என்னைத் தடுத்தார். "கைய எடுங்க. அவுக தப்புப் பண்ணல, நம்ம திரைதான் பண்ணுது."

நேரக்கெடுவை எடுத்தோம். பட்டன்களைப் பெரிதாக்கி, இடைவெளி விட்டோம். வாரம் முடிவதற்குள் மறுபடியும் பரவைக்குப் போனோம். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். காமாட்சி அக்கா நிதானமாகத் தேடினார், தொட்டார். "உங்கள் டோக்கன் பதிவானது" என்றது கைப்பேசி.

"இனிமே மகன் வரட்டும்னு காத்துக் கெடக்க வேணாம்ல?" என்று கேட்டார் அவர்.

தவமணி என் பக்கம் திரும்பினார். என் தோளைப் பிடித்து உலுக்கி, "கேட்டீகளா மலரு, கேட்டீகளா" என்றார். அப்படியொரு சந்தோஷத்தை நான் எந்த வேலையிலும் கண்டதில்லை. அந்த வடிவத்தைத்தான் முதலாளி வெளியிட்டார்.

இறப்பதற்கு முதல் நாள், திங்கட்கிழமை மாலை கிளம்பும்போதுகூட அடுத்ததை யோசித்துக்கொண்டிருந்தார். "நம்ம செயலி நல்லாப் பேசுது. டாக்டர் கூப்பிடுறது காது கேக்காதவுகளுக்கு எப்படித் தெரியும்? நாளைக்குப் பேசுவோம், வர்றேன்" என்றார்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தக் கேள்வியும் அதைத் துரத்தும் ஆசையும்தான். செயலியைப் போட்டுப் பார்க்கக் காது கேளாத தோழிகள் இருவர் நாளை எங்கள் அலுவலகத்துக்கு வருகிறார்கள். நான் சீக்கிரமே போய்விடுவேன்.