தேய்மானச் சோதனை நடந்த வாரம்

என் ஆராய்ச்சி எஃகின் தேய்மானம் பற்றியது. தஞ்சாவூர்க் கல்லூரி ஒன்றின் ஆய்வகத்தில் எனக்கு ஒரு இயந்திரம் ஒதுக்கியிருந்தார்கள். சுழலும் எஃகுத் தட்டின் மேல் சின்ன எஃகுத் துண்டை அது அழுத்திப் பிடிக்கும். ஓட்டுவதற்கு முன்னும் பின்னும் துண்டை எடை போடுவேன். எவ்வளவு குறைந்திருக்கிறதோ அதுதான் தேய்மானம்.

ஒரு நாள் காலை சிங்கப்பூரிலிருந்து கணவர் போன் செய்தார். இனி என்னோடு வாழப்போவதில்லை, அங்கே வேறொருத்தி இருக்கிறாள் என்றார். சரி என்றேன். ஒரத்தநாட்டு வீட்டில் நானும் அவருடைய அம்மாவும் மட்டும்தான். அத்தையிடம் எதுவும் சொல்லாமல், அவர் கட்டிக்கொடுத்த புளிச்சாதத்தை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

வேகத்தைக் கூட்டி ஓட்ட வேண்டிய நாள் அது. முந்தைய நாட்களில் மெதுவாக ஓட்டியபோது பளபளக்கும் சிறு சில்லுகள் உதிர்ந்தன. அன்று செம்பழுப்புப் பொடிதான் வந்தது. எடையும் அவ்வளவாகக் குறையவில்லை. வேகம் கூடினால் அதிகம் தேயும் என்றுதான் நினைத்திருந்தேன். நான் இருந்த நிலையில் தப்பாக எடை போட்டிருப்பேன் என்று புதுத் துண்டை மாட்டி மறுபடி ஓட்டினேன். அதே முடிவு.

என் ஆராய்ச்சிக்கு வழிகாட்டிய மேடம் வந்து பார்த்துவிட்டு, தப்பில்லை என்றார். உரசும் சூட்டில் எஃகின் மேல் ஆக்சைடு படிகிறது, எஃகும் எஃகும் நேரடியாக ஒட்டிப் பிய்வதை அது தடுக்கிறது, இன்னும் கடுமையாக ஓட்டினால் அதுவும் தாங்காது என்று விளக்கினார். குறித்துக்கொண்டேன். அப்போதுதான் அவர் என் கையைப் பார்த்தார்.

"விரல்ல என்னம்மா இது?"

சூடான துண்டை வெறுங்கையால் கழற்றியிருக்கிறேன். கொப்புளம் எழும்பியிருந்தது. வலிக்கவில்லை.

சாயங்காலம் அத்தை அதில் மருந்து தடவிக்கொண்டிருந்தபோது, காலையில் வந்த போனைப் பற்றிச் சொன்னேன். அவர் நிமிரவில்லை.

"எங்கிட்ட போன வாரமே சொல்லிட்டான்மா. காலைல சொன்னா நீ சாப்பிடாமப் போயிடுவே. சாயங்காலம் சொன்னா தூங்கமாட்டே. எப்ப சொல்றதுன்னே தெரியல."

கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அம்மா வீட்டுக்குப் போய்விடவா என்று கேட்டேன்.

"உன் இஷ்டம். படிப்ப முடிச்சுட்டுப் போயேன்."

படிப்பு முடியும்வரை அங்கேயே இருந்தேன். வேகத்தை மாற்றி மாற்றி ஓட்டினேன், எடை போட்டேன். விவாகரத்துக்காகக் கணவர் ஊருக்கு வந்த அன்று அத்தை அவருக்கும் எனக்கும் காப்பி கொடுத்தார். கோர்ட்டுக்கு நேரமாகிவிட்டதென்று கிளம்பினோம்.