நான் பொன்னாடை போர்த்திய ரிப்போர்ட்

போன செவ்வாய்க்கிழமை காலை, என் மகள் அபி போனை நீட்டினாள்; ஏதோ ரிப்போர்ட்டில் ஒரு போட்டோ. “அப்பா, இது நீங்கள்தானே?”

நானேதான். லண்டன் ஈஸ்ட் ஹாமில் நடந்த எங்கள் தமிழ் வர்த்தகர் சங்கக் கூட்டம். ஒரு வெள்ளைக்கார இளைஞருக்கு நான் பொன்னாடை போர்த்துகிறேன். கீழே ஆங்கிலத்தில் இரண்டு வரி.

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். ஆங்கிலத்தில் என்னைப் பற்றி எது எழுதியிருந்தாலும் அபிதான் வாசித்துச் சொல்லவேண்டும்.

“என்ன போட்டிருக்கு, பிள்ளை?”

“முதலாளிமார் ஷிப்ட்டை முன்கூட்டியே சொல்லவேணும் எண்டு சட்டம் வரப்போகுதெல்லே... சின்னக் கடைக்காரர் அதை எதிர்க்கினமாம்.”

நான் கடைக்காரன் இல்லை. கடையில் வேலை செய்பவன். நாளைக்கு வேலை உண்டா என்று இன்று மாலை வாட்ஸ்அப் பார்த்துத்தான் தெரியும். இடுப்பு வலிக்கு டாக்டரிடம் நாள் குறிக்கக்கூடப் பயம். அந்தச் சட்டம் வராதா என்று காத்திருப்பவனே நான்தான்!

நடந்தது இவ்வளவுதான். கோட்டு சூட்டோடு, இன்ஸ்டிடியூட் கார்டோடு ஒருவர் வந்தால் எங்கள் சங்கம் என்ன செய்யும்? முன்வரிசை, வடை, பொன்னாடை, போட்டோ. “நீதான் உயரம், நீயே போர்த்து” என்றார், என்னையும் கூட்டிப்போயிருந்த என் முதலாளி ரவி அண்ணை. போர்த்தினேன். அரசாங்க ஆள் என்றே எல்லோரும் நினைத்தோம்.

“கவர்மெண்ட் இல்லையப்பா, திங்க் டேங்க். எல்லாத்தையும் மார்க்கெட்டிட்ட விடுங்கோ, சட்டம் போடாதேங்கோ எண்டு ரிப்போர்ட் எழுதுவினம்.”

“அவைக்கு ஆர் காசு குடுக்கிறது?”

“அதை மட்டும் எழுதேல்லை.”

மறுநாள் டிவியில் ஒரு எம்.பி. அதே இரண்டு வரியைச் சொன்னார் — தானே ஈஸ்ட் ஹாமுக்கு வந்து கேட்டறிந்தவர் போல.

எங்கள் கடையில் உறையவைத்த பரோட்டா நன்றாக விற்கும். வாங்குபவருக்கு மாவு பிசைய நேரமில்லை, சூடாக்கினால் போதும். அரசியல்வாதிகளுக்கு இந்த ரிப்போர்ட்டும் அப்படித்தான் போலிருக்கிறது. ஆனால் பரோட்டாப் பாக்கெட்டில் என்னென்ன சேர்த்தது என்றாவது போட்டிருக்கும்.

ரவி அண்ணையிடம் கேட்டேன். “அண்ணை, அவரிட்ட நீங்கள் இப்பிடிச் சொன்னனீங்களோ?”

“நான் பார்க்கிங் பிரச்சினையைத்தான் சொன்னனான். ஷிப்ட் கதையே வரேல்லை.”

“அப்ப எழுதினது பிழைதானே?”

முருங்கைக்காயை அடுக்கியபடியே சொன்னார். “பிழை எண்டும் சொல்லேலாது. விடு, உன்ர முகம் வடிவா விழுந்திருக்கு.”

எனக்கு விட முடியவில்லை. நாளைக்குச் சட்டம் வராமல் போனால், என்னோடு வேலை செய்பவர்கள் என்னைத்தானே பார்ப்பார்கள்? அபி என் பெயரில் அந்தத் திங்க் டேங்குக்கு ஒரு ஈமெயில் அனுப்பினாள்: இவர் தொழிலாளி, இவர் அந்தச் சட்டத்தை ஆதரிக்கிறார், படத்தை நீக்குங்கள்.

ஒரு மணி நேரத்தில் பதில். மிகுந்த மரியாதை, மன்னிப்பு, நன்றி. படத்தையும் வெட்டிவிட்டார்கள். இப்போது அந்த இளைஞர் சிரிக்கிறார், பொன்னாடை பளபளக்கிறது, என் முகம் இல்லை. கீழே அதே இரண்டு வரி.

பொன்னாடையைப் பிடித்த என் கைகள் இரண்டும் மட்டும் இன்னமும் அந்தச் சட்டத்தை எதிர்த்துக்கொண்டிருக்கின்றன.