கடிபட்ட நேர்த்திக்காசு

ஐயா காய்ச்சலில் விழுந்த எட்டாம் நாள், அம்மா அவசரத்தில் கைக்கு அகப்பட்ட இருபத்தைந்து சதக் குற்றியைக் கழுவி, மஞ்சள் துணியில் முடிந்து சாமி படத்தடியில் வைத்தார். ஐயா எழும்பி நடந்தால் நயினாதீவு அம்மனுக்குக் கொண்டுபோய்ப் போடுவதாக நேர்த்தி. முடிந்த காசைத் தொடக்கூடாது என்று தெரியாதவளா நான்? ஆனாலும் ஒற்றைக்காலில் கெந்தி விளையாடும்போது எறியும் சில்லுக்கு அதைவிட வாகான சாமான் எங்கள் ஊர் வேலணையிலேயே இல்லை என்று அன்றைக்குத் தோன்றிவிட்டது.

எறிந்த எறியில் கிணற்றுக்கட்டில் போய் மோதியது. எடுத்துப் பார்த்தால், ஓரத்தில் பிறை வடிவில் ஒரு துண்டைக் காணவில்லை! கோழி கிளறிய குப்பைவரை தேடினேன். கிடைக்கவில்லை. காசைத் திரும்ப முடிந்து வைத்தேன். அன்று பின்னேரமே ஐயாவுக்குக் காய்ச்சல் கூடியது. ஐயாவைக் கொன்றுவிட்டேன் என்றே நினைத்தேன்.

மறுநாள் அம்மாவின் தம்பி, என் சின்ன மாமா, கொழும்பிலிருந்து லீவில் வந்தார். கந்தோரில் கிளாக்கர், மற்றப்படி அபூர்வக் காசுகளைத் தேடிச் சேர்க்கும் பைத்தியம். பிழையாக அச்சான காசு எங்கேயோ இருக்கிறது என்றால் சோற்றை விட்டு எழும்பிப் போவார். எப்படியாவது ஒட்டித் தருவார் என்று அவரிடம் அழுதழுது எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் ஏசவில்லை. காசைப் பூதக்கண்ணாடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு தன் சட்டைப்பையிலிருந்து இன்னொரு இருபத்தைந்து சதத்தை எடுத்துக் கிணற்றுக்கட்டில் வைத்து, ஓரத்தில் கல்லால் ஒரு போடு போட்டார்.

"இஞ்சை பார். அடிபட்ட காசெண்டால் இப்பிடித்தான், ஒரு பக்கம் பிதுங்கும், எழுத்து நசியும். உன்ரை காசிலை பிதுக்கம் இருக்கோ?"

"இல்லை மாமா."

"இந்தக் கடிச்ச மாதிரி இடத்துக்கு நேர் எதிரை விளிம்பு மழுங்கிக் கிடக்கு, பாத்தியோ? அச்சடிக்க முன்னமே அந்தத் துண்டு இல்லை. கொம்மா கிளாஸாலை ரொட்டிமாவிலை வட்டம் வெட்டேக்கை, முந்தி வெட்டின ஓட்டையிலை கொஞ்சம் ஏறினால் என்ன நடக்கும்? அதுதான். காசுத் தகட்டையும் அப்பிடித்தான் வெட்டுறவை. உது பிறக்கேக்கையே உப்பிடி. நீ ஒண்டும் செய்யேல்லை, பிள்ளை."

அப்பாடா! இரண்டு நாளாக இறங்காத சோற்றை அன்று இரண்டாம் தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். ஐயாவின் காய்ச்சலும் மெல்ல மெல்ல விட்டது.

மாமாவின் லீவு முடியுமுன்னர் எல்லோரும் நயினாதீவுக்கு வள்ளம் ஏறினோம். ஐயாவுக்குக் காலில் கொஞ்சம் தள்ளாட்டம், வாய் மட்டும் பழையபடி. கோயிலில் மாமா முடிச்சை அவிழ்த்து, காசைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"தம்பி, உனக்கு உதிலை கண்ணெண்டு தெரியும்," என்றார் அம்மா. "வேறை காசு மாத்திப் போட்டால் அம்மன் கோவிக்கமாட்டா."

மாமா என்னைப் பார்த்தார். "இல்லை அக்கா. பிள்ளை இதைத்தான் போடவேணும்."

காசை என் கையில் வைத்தார். நான் உண்டியலில் போட்டேன். அவர் கொஞ்ச நேரம் அந்த உண்டியலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

திரும்பும் வழியில், தான் கல்லால் நசித்த மற்றக் காசை விரல்களுக்கிடையில் உருட்டிக்கொண்டே வந்தார். பழுதான காசுக்காகப் பெரிய மனுசன் இவ்வளவு யோசிப்பாரா என்று எனக்குச் சிரிப்பாக இருந்தது. பாவமாகவும் இருந்தது.

"கவலைப்படாதேங்கோ மாமா. நான் பெரிசா வந்து உங்களுக்கு நல்ல முழுக்காசு தாறன்," என்றேன்.

"ஓம் பிள்ளை, தா," என்றார்.