ஹோலிஸை லாவெண்டர் கடித்த கதை

ஹோலிஸ் ஃபில்யா எதற்கும் பின்வாங்குகிற ஆள் இல்லை. கடலில் இருந்து புயல் ஏறி வந்து, பைன் மரங்களையெல்லாம் கம்பிகள்மேல் சாய்த்துப் போட்டுவிட்டுப் போன மறுநாள் காலையில், லாரியில் முதலில் ஏறி உட்கார்ந்திருப்பவன் அவன்தான். வட ஃப்ளோரிடாவில் ஒரு மின்சாரக் கூட்டுறவில் லைன்மேன். கதவை அடைக்கிற தோள்கள். தொட்டால் ஆளைக் கரியாக்கிவிடும் கம்பிகளுக்கு நடுவே நின்றுகொண்டு விசிலடித்தபடி வேலை பார்ப்பான்.

பாம்பு என்று வந்துவிட்டால் மட்டும் அந்த ஹோலிஸ் காணாமல் போய்விடுவான்.

ஏன் அப்படி என்று அவனுக்கே தெரியாது. சின்ன வயதில் எதுவும் கடித்ததில்லை. யாரும் கதை சொல்லி மிரட்டியதுமில்லை. தோட்டத்தில் தண்ணீர்க் குழாய் வளைந்து கிடந்தாலே நெஞ்சு ஒருமுறை நின்று கிளம்பும். மீன் பிடிப்பதில் அவனுக்கு அத்தனை பிரியம். ஆனால் குளத்தோரப் புல் முழங்கால் உயரம் வளர்ந்த வருஷத்தோடு அதையும் விட்டுவிட்டான். படகு கொட்டகையில் தூசி படிந்து கிடந்தது. கொட்டகைக்குள்ளும் அவன் போவதில்லை, அங்கே என்ன இருக்குமோ என்று.

இதையெல்லாம் அவன் மனைவி நெல்டாவைத் தவிர யாருக்கும் தெரியாமல்தான் வைத்திருந்தான். ஒரு வசந்த காலத்தில் அது வெளிச்சத்துக்கு வந்தது. லாரியின் தூக்குக் கூடையில் ஏறி ஒரு ஓக் மரத்தடி டிரான்ஸ்ஃபார்மரைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தபோது, கிளையிலிருந்து சாம்பல் நிறச் சாரை ஒன்று நழுவி நேராக அவன் காலடியில் விழுந்தது. கூடைக்குள் ஒரு ஆள் நிற்கத்தான் இடம். பதற்றத்தில் அவன் கை ரேடியோ பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டது. "அம்மா! அம்மா! எறக்குங்கடா!" என்று அவன் போட்ட கூச்சலைக் கவுண்டி என்கிற அந்த வட்டாரம் முழுக்க எல்லா லாரிகளும் கேட்டன.

மறுநாள் காலை அவனோடு ஒரே லாரியில் போகும் டெரல், காபியை உறிஞ்சிக்கொண்டே ஆரம்பித்தான்.

"ஹோலிஸு, உங்கம்மா ஊருக்கு வந்திருக்காங்களாமே? நேத்து நீ கூப்பிட்டது எங்க வீடு வரைக்கும் கேட்டுச்சு."

லாரியே குலுங்கச் சிரித்தது. ஹோலிஸும் சேர்ந்து சிரித்தான். சிரிக்காவிட்டால் இன்னும் மோசமாகிவிடும் என்பது அவனுக்குத் தெரியும். ஆனாலும் டெரல் விடுகிறவன் இல்லை. கையுறைக்குள் ரப்பர் பாம்பு, ஹெல்மெட்டுக்குள் ரப்பர் பாம்பு. ஒருநாள் மதியம் ஹோலிஸ் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தபோது, பன்றிக்கறி சாண்ட்விச்சின் மேல் ஒன்று சுருண்டு கிடந்தது. பார்த்த உடனேயே ரப்பர் என்று தெரிந்துவிட்டது. வால் நுனியில் கடை விலைச்சீட்டுகூட ஒட்டியிருந்தது. அப்படியும் பெட்டி ஒரு பக்கம் பறந்தது, சாண்ட்விச் மண்ணில் விழுந்தது.

எல்லோரோடும் சிரித்துவிட்டு, லாரிக்குப் பின்னால் போய்த் தனியாக நின்றான். இரண்டு கைகளும் நடுங்கிக்கொண்டிருந்தன. ரப்பர் என்று தெரிந்தும் நடுங்கிய கைகளை அவன் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றான். டெரல்மேல் அவனுக்குக் கோபம் வரவில்லை. அந்தக் கைகள்மேல்தான் வந்தது.

அந்த வாரமே கோழித்தீவனக் கடைக் கண்ணாடியில் ஒரு நோட்டீஸைப் பார்த்தான். பக்கத்துக் கவுண்டியின் சந்தைத் திடலில் ஊர்வனக் கண்காட்சி. பாம்பு, பல்லி, ஆமை, விற்பனையும் உண்டு. இரவுச் சாப்பாட்டின்போது நெல்டாவிடம் சொன்னான்.

"சனிக்கிழமை ஒரு எடத்துக்குப் போறேன்."

"எங்க, மீன் பிடிக்கவா? அப்பாடா!"

"பாம்பு பாக்க."

நெல்டா முள்கரண்டியைத் தட்டில் வைத்துவிட்டு, மேசையைத் தாண்டிக் கையை நீட்டி அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். வீட்டு முன்னறையிலேயே முடிதிருத்தும் கடை வைத்திருப்பவள் அவள். யார் தலையில் என்ன ஓடுகிறது என்று விரல் வைத்தாலே தெரிந்துவிடும் என்று சொல்லிக்கொள்வாள்.

"ஜுரம் இல்லையே."

"டப்பாவுல போட்டு மூடித்தான வச்சிருப்பாங்க. கண்ணால பாத்துட்டு வந்துடுறேன். அவ்வளவுதான்."

"நானும் வர்றேன். நீ மயங்கி விழுந்தா உன்னைத் தூக்க என்னால ஆகாது. பக்கத்துல உக்காந்து விசிறவாவது செய்வேன்ல."

சனிக்கிழமை சந்தைத் திடலுக்குப் போய்ச் சேர்ந்தும் ஹோலிஸ் வண்டியைவிட்டு இறங்கவில்லை. வழியில் வாங்கிய வேகவைத்த வேர்க்கடலைப் பொட்டலத்தை நெல்டா பாதிக்கு மேல் காலி செய்துவிட்டாள். கைக்குழந்தையோடு ஒரு தம்பதி உள்ளே போனார்கள். ஊன்றுகோலோடு ஒரு கிழவர் போனார். கழுத்தில் மாலை மாதிரி மலைப்பாம்பைப் போட்டுக்கொண்டு ஒருவன் வெளியே வந்து சிகரெட் பற்றவைத்தான்.

"ஹோலிஸ், கடலை தீரப்போகுது. உள்ளயா, வீட்டுக்கா?"

அவன் கதவைத் திறந்து இறங்கினான்.

கொட்டகைக்குள் மரத்தூள் வாசனை. வரிசை வரிசையாக மேசைகள். ஒவ்வொன்றின் மேலும் ஊறுகாய் வாங்குகிற பிளாஸ்டிக் கிண்ணங்கள் மாதிரி அடுக்கடுக்காக, மூடியில் சின்ன ஓட்டைகளோடு. ஒவ்வொரு கிண்ணத்திலும் ஒன்று சுருண்டிருந்தது. ஹோலிஸ் நடைபாதைக்கு நட்டநடுவில், முழங்கைகளை உடம்போடு ஒட்டிக்கொண்டு, இரண்டு பக்கமும் மின்சாரம் ஓடுகிற கம்பிகளுக்கு இடையில் நடப்பவன் போல நடந்தான். நெல்டா ஒவ்வொரு மேசையாக நின்று, "ஐயோ, இந்தப் பல்லியைப் பாரேன், எங்க சபை போதகர் மாதிரியே முழிக்குது!" என்று கூவிக்கொண்டு வந்தாள்.

கடைசி வரிசைக்குப் பக்கத்தில் ஹோலிஸின் கால் தானாக நின்றது.

அந்தக் கிண்ணத்தில் இருந்தது பாம்பு மாதிரியே தோன்றவில்லை. மழை ஓய்ந்த சாயங்காலத்தில் மேகம் எடுக்கிற வெளிர் ஊதா. அதன் குறுக்கே வெண்ணெய் நிறத்தில் வளையங்கள். கண் இரண்டும் மாதுளை முத்து. பென்சில் கனம்தான் இருக்கும்.

"இது… சாயம் பூசினதா?" என்று கேட்டான்.

மேசைக்குப் பின்னால் இருந்த பெண் சிரித்தாள். ஷெல்பி என்று பேர். வாரநாட்களில் பல் மருத்துவரிடம் வேலை, சனி ஞாயிறுகளில் பாம்பு.

"பொறப்பே அப்படித்தான். கலிஃபோர்னியா கிங். சாதாரணமா கருப்பும் வெள்ளையுமா இருக்கும். உடம்புல கருப்பே ஊறாமப் பொறந்தா இந்த நிறம். லாவெண்டர்னு சொல்லுவோம். இவளுக்காக வருஷக்கணக்கா ஜோடி சேத்துப் பாத்தேன்."

"விஷம்?"

"துளிகூடக் கெடையாது."

"அப்புறம் என்னத்துக்கு ராஜான்னு பேரு?"

"மத்த பாம்புங்களைத் தின்னும். வாலைக் கிலுகிலுன்னு ஆட்டுற விரியனக்கூட விடாது. கூடப்பொறந்ததயே முழுங்கிடும். அதான் ஆளுக்கொரு டப்பா."

"எங்க அத்தை வீட்டு ஈஸ்டர் விருந்து மாதிரில்ல இருக்கு" என்றாள் நெல்டா.

ஹோலிஸ் கிண்ணத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "பாம்பத் தின்னுமா? அப்ப இவ நம்ம கட்சி" என்று முணுமுணுத்தான்.

"கையில வச்சுப் பாக்கிறீங்களா?"

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான். "சரி" என்று வந்துவிட்டது. ஷெல்பி சானிடைசர் புட்டியைத் தள்ளினாள். கையைத் துடைத்தான். இன்னொருமுறை ஊற்றித் துடைத்தான். மூன்றாவது முறை புட்டியை எடுத்தபோது நெல்டா அதைப் பிடுங்கிக்கொண்டாள்.

"ஆபரேஷனா பண்ணப்போற? கைய நீட்டு!"

நீட்டினான். ஷெல்பி அந்த ஊதாக் கயிற்றை அவன் உள்ளங்கையில் வழியவிட்டாள். வழவழவென்று இருக்கும் என்று நினைத்திருந்தான். காய்ந்த மூங்கில் இலை போல, சுத்தமாக, லேசான குளிர்ச்சியோடு இருந்தது. நாக்கை நீட்டி அவன் கட்டைவிரலை விசாரித்தது. அப்புறம், வெகு நிதானமாக, வாயைத் திறந்து அந்தக் கட்டைவிரலைக் கவ்விக்கொண்டது.

இத்தனை வருஷமாக அவன் கனவில் வந்து எழுப்பிய விஷயம் நடந்தேவிட்டது. பாம்பு அவனைக் கடித்துவிட்டது. அலறல் தயாராகத் தொண்டைவரை வந்து நின்றது. நெல்டா கண்ணை மூடிக்கொண்டாள்.

ஹோலிஸ் கட்டைவிரலைப் பார்த்தான். அது மென்றுகொண்டிருந்தது. இந்தப் பக்கம் ஒரு மெல்லல், அந்தப் பக்கம் ஒரு மெல்லல், பல் முளைக்காத குழந்தை பிஸ்கட்டைச் சப்புவது மாதிரி. வலி என்று சொல்ல ஒன்றும் இல்லை. வேலியில் பிளாக்பெரி பறிக்கும்போது முள் இதைவிட மோசமாகக் கீறும்.

"இவ்வளவுதானா?" என்றான்.

"ஐயோ, மன்னிச்சிருங்க சார்!" ஷெல்பி பதறினாள். "பக்கத்து மேசையில எலிக்குஞ்சு விக்கிறாங்க, அந்த வாசனைல சாப்பாடுன்னு நெனச்சுட்டா. கைய மட்டும் வெடுக்குன்னு இழுத்துராதீங்க, பல்லு ஒடஞ்சிரும்."

"யாரு பல்லு?"

"அவ பல்லுதான்!"

அதோடு ஹோலிஸுக்கு அடக்க முடியவில்லை. வயிற்றிலிருந்து கிளம்பிய சிரிப்பு கொட்டகைக் கூரையில் போய் முட்டியது. அக்கம்பக்கத்து மேசைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். கட்டைவிரலில் ஊதாப் பாம்பு தொங்க, கண்ணில் தண்ணீர் வழிய, அத்தனை பெரிய ஆள் நின்று சிரித்துக்கொண்டிருந்தான். "சாப்பாடாம்! நான் சாப்பாடாம், நெல்டா! என்னை முழுசா முழுங்கப் பாக்குறாடி!" நெல்டா ஒரு கண்ணைத் திறந்தாள், பிறகு இரண்டையும், பிறகு போனை எடுத்துப் படம் பிடித்தாள். அப்போதுதான் அவன் கவனித்தான், கை நடுங்கவில்லை. கல் மாதிரி நின்றது.

ஷெல்பி அதன் வாயோரத்தில் ஒரு சொட்டு சானிடைசரைத் தடவ, அது முகம் சுளித்துக்கொண்டு விட்டுவிட்டது. விரலில் ஊசி குத்தினது போல நாலைந்து புள்ளிகள், அவ்வளவே.

"வேற சாதுவான குட்டி இருக்கு. அதக் காட்டட்டுமா?"

"எதுக்கு? கடிச்சது இவ. இன்னொருத்திகிட்ட மொதல்லேருந்து கடி வாங்கணுமா?"

படகுக்குப் புது மோட்டார் வாங்கவென்று என்றைக்கோ ஒதுக்கி வைத்திருந்த பணம் அங்கேயே கைமாறியது. திரும்பும்போது நெல்டா வண்டியை ஓட்டினாள். துணிப்பைக்குள் கிண்ணத்தை வைத்து மடியில் பிடித்துக்கொண்டு, பள்ளம் வரும்போதெல்லாம், "மெதுவாடி, மெதுவா" என்று சொல்லிக்கொண்டே வந்தான் ஹோலிஸ். வயலட் என்று பேர் வைத்தது நெல்டாதான்.

லாரியில் யாரும் நம்பவில்லை. படத்தைக் காட்டியதற்கு, "கண்டிப்பா ரப்பர்தான்" என்றான் டெரல். ஹோலிஸ் வாதாடவில்லை. வீட்டில் வேலை இருந்தது. கண்ணாடித் தொட்டிக்குச் சூடு வைக்க வேண்டும், தண்ணீர் மாற்ற வேண்டும், உறைந்த எலிக்குஞ்சை வெந்நீரில் இளக்க வேண்டும். "ஐஸ்கிரீம் எடுக்கறப்ப கண்ணாடி போட்டுக்கிட்டு எடு" என்று நெல்டா குளிர்பெட்டிக் கதவில் எழுதி ஒட்டினாள். வயலட் தோலுரித்து வளர்ந்தாள். அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ஹோலிஸ் கால்பந்து பார்த்தான். கொட்டகைக் கதவைத் திறந்து படகை வெளியே இழுத்தான். பழைய மோட்டாரே இருமிக்கொண்டு கிளம்பியது.

இலையுதிர் காலத்தில், தன்னார்வத் தீயணைப்பு நிலையத்துக்கு நிதி சேர்க்க வருஷாவருஷம் நடக்கும் மீன் விருந்து வந்தது. ஊரே நிலையத்துக் கூடத்தில் இருந்தது. பொரித்த மடவை மீன், சோளமாவு உருண்டை, முட்டைக்கோஸ் சாலட். சோளமாவு மூட்டை எடுக்கச் சமையலறைக்குள் போன டெரல், போன வேகத்தைவிட இரண்டு மடங்கு வேகத்தில் வெளியே வந்து பரிமாறும் மேசைமேல் ஏறினான்.

"பாம்பு! மூட்டைக்குப் பின்னால! எமகாதகப் பாம்பு!"

நாற்காலிகள் சரிந்தன. தீயணைப்புத் தலைவர் பெஞ்சில் ஏறி நின்றார். ஹோலிஸின் நெஞ்சும் ஒருமுறை எகிறத்தான் செய்தது. அவன் தன் தட்டை நெல்டாவிடம் கொடுத்தான்.

"ஆற விட்டுராத."

மூட்டை இடுக்கில் சாம்பல் நிறச் சாரை ஒன்று, அவன் உயரம் இருக்கும், கழுத்தை மடித்துக்கொண்டு, வால் நுனி தரையில் படபடக்க ஒடுங்கியிருந்தது. இவ்வளவு கூச்சலையும் கேட்டு அது நடுங்குகிறது என்று அவனுக்குப் புரிந்தது. நடுக்கம் எப்படி இருக்கும் என்று அவனைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? குனிந்து இரண்டு கைகளாலும் அள்ளினான். அது மணிக்கட்டில் ஒரு கொத்து கொத்தியது. "முடிஞ்சுதா? வா, போலாம்" என்றான். அதற்கு மேல் அதற்கு ஒரு ஆயுதம்தான் பாக்கி இருந்தது. வால் பக்கத்திலிருந்து அவன் சட்டை முழுக்க ஒரு நாற்றத்தைப் பீய்ச்சியது.

அவன் கூடத்துக்குள் வந்ததும் கூட்டம் சுவரோடு ஒட்டி வழிவிட்டது.

"கதவு அந்தப் பக்கம்டா! இங்க வராத, அந்தப் பக்கம்!" என்று மேலிருந்து டெரல் கத்தினான்.

"தெரியும் டெரல். நீ மொதல்ல காலத் தூக்கு. பூட்ஸு சோள உருண்டைத் தட்டுல இருக்கு."

பின்பக்கத்துப் பைன் காட்டு ஓரத்தில் அதை இறக்கிவிட்டு, அது புல்லுக்குள் மறைகிறவரை நின்று பார்த்துவிட்டு வந்தான். உள்ளே நுழைந்ததும் கைதட்டல் கிளம்பியது. அடுத்த நொடி நாற்றம் எட்டியது. கைதட்டிய கைகளெல்லாம் மூக்குக்குப் போயின. அவன் உட்கார்ந்த நீள மேசை சட்டென்று காலியாகிவிட்டது. தீயணைப்புத் தலைவர் கையை முழுநீளத்துக்கு நீட்டி, எண்ணெயிலிருந்து அப்போதுதான் எடுத்த மடவை மீன் நிறைந்த தட்டு ஒன்றை அவன் முன்னால் தள்ளிவிட்டு ஓடினார்.

நெல்டா மட்டும் வந்து எதிரே உட்கார்ந்தாள். "கொல்லுது, ஹோலிஸ்" என்றாள் மூக்கைப் பொத்திக்கொண்டு.

"மீனு அருமையா இருக்கு. எடுத்துக்க" என்றான் அவன், ராஜா மாதிரி இரண்டு முழங்கைகளையும் மேசையில் அகல ஊன்றிக்கொண்டு. அப்புறம் கூடத்தின் மறுகோடியைப் பார்த்துக் குரல் கொடுத்தான். "டெரல்! உருண்டை இன்னும் நாலு கொண்டா. நீ மிதிக்காததாப் பாத்து எடு."