ஜெயம் வந்து பிடிக்கவேண்டிய கரை

அலுமாரியைத் திறந்தால் இப்போதும் பூச்சி உருண்டை மணம்தான் முதலில் வரும். எனக்கு அது கம்பளி நூலின் மணம். யாழ்ப்பாணத்து வெயிலுக்குக் கம்பளி என்னத்துக்கு என்று நீங்களும் கேட்பீர்கள், கேளாதவர் எவருமில்லை. மிஷன் பள்ளிக்கூடத்தில் பின்னல் படிப்பித்த அம்மா எங்களுக்கும் பழக்கிவிட்டார், அவ்வளவுதான். வேர்த்து ஒழுகப் பின்னுவோம்.

நானும் தங்கச்சி ஜெயமும் வேலையைப் பங்கு பிரித்திருந்தோம். சால்வையின் நடுத்துண்டு எனக்கு. விளிம்பைச் சுற்றி வலைப்பூவாய் ஓடுகிற ரேந்தைக் கரை அவளுக்கு. எனக்குப் பொறுமை கிடையாது. நேரே போய் நேரே திரும்புகிற வேலைதான் சரி. "விடுங்கோ அக்கா, உங்கடை கை பட்டால் கரை கோணும்" என்று பறித்துக்கொள்வாள்.

அவள் கனடாவுக்குப் போன அன்று ஒரு சால்வை கரையில்லாமல் என் மடியில் கிடந்தது. வாசலில் வான்காரன் ஹோர்ன் அடித்துக்கொண்டே இருந்தான். "கரையைத் தொட்டிடாதேங்கோ. நான் வந்து பிடிக்கிறன்" என்றாள்.

பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அழைப்பாள். நானும் ஆராதனை முடிந்த கையோடு ஓடிவந்து போனுக்கு முன்னால் குந்திவிடுவேன். எதைக் கதைத்தாலும் முடிவு ஒன்றுதான்.

"கரை கிடக்குதோ?"

"ஓம், உனக்காகத்தான் கிடக்கு."

அதோடு வைப்போம். பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சோதனை, இடுப்பு நோ, பேரப்பிள்ளை என்று வருடத்துக்கு ஒரு காரணம் அவளுக்கு. இந்த நத்தார்ப் பண்டிகைக்குக் கட்டாயம் வாறன் என்றாள். அவளுடைய கட்டிலைத் துடைத்து விரித்தும் வைத்தேன். வரவில்லை. எனக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது. "போடி, நீயும் உன்ரை கரையும்!" என்று சுவரோடு சண்டை பிடித்துவிட்டு, பக்கத்து வீட்டுப் பெட்டையிடம் போனில் கரை பிடிக்கிற வீடியோ ஒன்று போட்டுத் தரச் சொன்னேன். பார்த்துப் பார்த்துப் பிடித்தேன். ஐயோ, இவ்வளவு லேசா! இத்தனை காலமும் அவளைப் பெரிய கெட்டிக்காரி என்றல்லவா நம்பியிருந்தேன். நாலு பக்கமும் முடித்து, நூல் நுனியை ஊசியால் பின்னல் கண்களுக்குள் ஒளித்து, மடித்து வைத்தேன்.

ஞாயிறு வந்தது. "கரை கிடக்குதோ?"

"முடிச்சிட்டன்."

சிரித்தாள். "அப்ப இனி எனக்கு அங்கை வேலை இல்லை, என்ன அக்கா?"

"ஓமடி" என்று நானும் சிரித்துத் தொலைத்தேன்.

இப்போதும் அழைக்கிறாள். அங்கே பனி, இங்கே மழை என்று கதைக்கிறோம். எங்கே முடிப்பது என்று இருவருக்கும் தெரிவதில்லை. அந்தக் கேள்வியை அவள் இனிக் கேட்கமாட்டாள். தனி வீட்டில் அந்த ஒரு கேள்விக்காகத்தான் வாரம் முழுக்கக் காத்துக்கிடந்தேன் என்பது இப்போதுதான் விளங்குகிறது.

கரையை அவிழ்த்துவிட்டு, "பிழைச்சுப்போச்சு, நீ வந்தால்தான் சரி" என்று சொல்லலாமென்றுதான் இன்றைக்கு அலுமாரியைத் திறந்தேன். யன்னலோரம் இருந்து தடவித் தடவிப் பார்க்கிறேன். எங்கே ஒளித்தேனோ, அவிழ்க்க நூல் நுனி அகப்படவில்லை.