அபுதாபிக்குப் போன சாகோஸ் குழம்பு

போனவர்கள் மூன்று பேர்: நான், என்னோடு லாண்டரியில் வேலை செய்யும் ரேமோன், விசிட் விசாவில் வந்திருந்த அவனுடைய அத்தை செசில். வராதவர்கள், தோஹாவிலிருக்கும் அத்தையின் இரண்டு மகன்கள். லீவு கிடைக்கவில்லை.

ரேமோனின் பாஸ்போர்ட் மொரிஷியஸ். ஊர் எது என்று கேட்டால் சாகோஸ் என்பான். இந்தியப் பெருங்கடலின் நடுவில் இருக்கும் அந்தத் தீவுகளில் ராணுவத் தளம் வருகிறது என்று ஜனங்களைக் கப்பலேற்றி வெளியேற்றியபோது அத்தை சின்னப் பெண். இப்போது அந்தத் தீவுகள் யாருக்கு என்று இரண்டு அரசாங்கங்கள் பேசுகின்றன. ஒரு தரப்பின் அதிகாரி மாநாட்டுக்காக அபுதாபி வந்திருந்தார். ரேமோன் விடாமல் எழுதியதில், பதினொரு மணிக்கு ஹோட்டல் லாபியில் பத்து நிமிடம் தருவதாகப் பதில் வந்தது.

காலை ஏழரைக்கு பர் துபாய், அல் குபைபா நிலையத்தில் பஸ் ஏறினோம். டிக்கெட் இருபத்தைந்து திர்ஹம். ஏறக்குறைய நூற்றைம்பது கிலோமீட்டர். அத்தையின் மடியில் துணி சுற்றிய சட்டி. உள்ளே தேங்காய்ப்பாலில் வெந்த பேய்க்கணவாய், அதாவது ஆக்டோபஸ்.

"அந்த அதிகாரிக்கா?"

"வந்தவனுக்குச் சோறு போடாம எங்க வீட்ல பேச்செடுக்க மாட்டாங்க," என்றான் ரேமோன். நாங்கள் பேசுவது சைட் இந்தி, வேலையிடங்களில் எல்லா நாட்டுக்காரர்களும் பேசும் உடைந்த இந்தி. அத்தை தீவு மொழியில் பேசுவதை ரேமோன் மாற்றிச் சொல்வான். இங்கே தமிழில் தருகிறேன்.

பதினொன்றுக்குப் பத்து நிமிடம் முன்பே ஹோட்டல் வாசல். செக்யூரிட்டி பரமக்குடிக்காரர்.

"வெளிச் சாப்பாடு உள்ள போகாது தம்பி. சட்டிய வச்சிட்டுப் போகச் சொல்லுங்க, நான் பாத்துக்கிறேன்."

"பெரிய மனுஷி, பாவம்ணே."

"எனக்குப் புரியுது. மேல தொங்குற கேமராவுக்குப் புரியுமா?"

அத்தை சட்டியை விடவில்லை. ரேமோன் கெஞ்சினான், பிறகு கத்தினான். "அங்க பொறந்தவ நீதானே! நீ பேசாம நான் போய் என்னத்தச் சொல்ல?"

மேனேஜர் வந்து மூடியைத் திறந்து பார்த்து, சரி என்று தலையசைத்தபோது மணி பதினொன்று இருபது. லாபியில் ஓர் இளம்பெண் எங்களை நோக்கி வந்தாள். சார் அடுத்த கூட்டத்துக்குப் போய்விட்டார், ஈமெயில் அனுப்புங்கள் என்றாள்.

"சாப்பிட்டாரா?" என்று கேட்டார் அத்தை.

அந்தப் பெண் ஈமெயில் முகவரி அச்சிட்ட அட்டையை ரேமோனிடம் நீட்டினாள்.

வெளியே வந்ததும் அத்தை, செக்யூரிட்டியின் டிபன் டப்பாவை வாங்கி முதலில் அவருக்குப் போட்டார். மீதியை பஸ் நிலையத்துக்கு வெளியே நாங்கள் சாப்பிட்டோம். சட்டியைத் துணியில் சுற்றிக்கொண்டே அத்தை சொன்னார்: "கப்பல்ல ஏத்தினப்பவும் எங்களக் கேக்கல. இப்ப கைமாத்தும்போதும் கேக்கல."

எங்கள் ஊரில் அப்பா தாலுகா ஆபீசுக்கு முருங்கைக்காய்க் கட்டோடு போவார். வீட்டில் முதன்முதலாகப் படித்தவன் நான். எனக்கு அது கூச்சமாக இருக்கும். இந்தச் சட்டியும் அப்படித்தான் என்று போகும்போது நினைத்தேன். ஆனால் அப்பா தன் காரியம் நடக்க வேண்டும் என்று கொண்டு போனவர். அத்தை, தன் மண்ணைப் பற்றிப் பேச வந்தவனுக்குப் பரிமாறப் போன வீட்டுக்காரி. தீவு யாரிடம் போக வேண்டும் என்று எனக்குத் தெரியாது. அதைச் சொல்ல வேண்டியவர், திரும்பும் பஸ்ஸில் என் பக்கத்து சீட்டில் காலிச் சட்டியோடு தூங்கிக்கொண்டு வந்தார்.

எனக்கு அன்று வார லீவு; ரேமோனுக்கு ஒரு நாள் சம்பளம் கட். அத்தை என்னைப் பர்ஸைத் திறக்கவே விடவில்லை. மூவருக்கும் போக வர பஸ் நூற்றைம்பது, டாக்ஸி இருபத்தெட்டு, குழம்புச் சாமான் எழுபத்திரண்டு. மொத்தம் இருநூற்றைம்பது திர்ஹம்.