இளமதி போட்ட கறுப்புக் கோடு

அன்புக்கரசிக்கு வகுப்பு என்றால் உயிர். கேக் வகுப்பு, மெகந்தி வகுப்பு, மெழுகுவத்தி வகுப்பு என்று விருத்தாசலத்தைச் சுற்றி அறுபது கிலோமீட்டருக்குள் யார் எதைச் சொல்லிக் கொடுத்தாலும் முதல் வரிசையில் அவள் உட்கார்ந்திருப்பாள். அவள் செய்த கேக்கைத் தெரு நாய் முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது. ஆனால் பதினோரு சான்றிதழ்கள் சட்டம் போட்டுச் சுவரில் தொங்குகின்றன. அவள் புருஷன் பக்கிரி, ஆட்டோ ஓட்டுகிறவர், சாமி படத்துக்கு இடமில்லாமல் ஃபிரிட்ஜின் மேல் வைத்துக் கும்பிடுகிறார்.

அவளுடைய தோழி இளமதிக்கு அந்த ஆசையெல்லாம் கிடையாது. இருபத்திரண்டு வருஷமாக ஒரு செராமிக் யூனிட்டில் பொம்மைகளுக்குக் கண்ணும் புருவமும் எழுதுகிற வேலை. கறுப்பு மையில் தூரிகையைத் தொட்டு ஒரே இழுப்பு, புருவம் வந்துவிடும். கை கோணவே கோணாது. மனசுதான் கோணும். ஒரு தடவை கோணிவிட்டால் எந்தச் சூளையில் வைத்தாலும் நிமிராது.

அப்படிக் கோணியதில் கூடப்பிறந்த அண்ணன் பழமலையோடு பேச்சு நின்று நாலு வருஷம் ஆகிறது. பழமலை நல்லூரில் விவசாயம் பார்க்கிறவன். சண்டைக்குக் காரணம் சொத்து இல்லை, வாய்க்கால் தண்ணீர் இல்லை, இளமதியின் பெரிய மகளின் கல்யாணப் பத்திரிகை. அதில் தாய்மாமன்கள் என்று போட்ட இடத்தில் பெரியப்பா மகன் பாண்டியன் பெயர் மேலே, பழமலை பெயர் கீழே. பாண்டியன் நாலு மாதம் மூத்தவர், வயசுப்படி போட்டேன் என்றாள் இளமதி. கூடப்பிறந்தவன் யார், ஒன்றுவிட்டவன் யார் என்று தெரியாத வீட்டில் எனக்கென்ன வேலை என்று பழமலை கல்யாணத்துக்கே வரவில்லை. அவன் போட வேண்டிய மாலையைப் பாண்டியன் போட்டார். அன்று சாயங்காலமே இளமதி தன் போன், புருஷன் போன், மகள்கள் போன் எல்லாவற்றிலும் அண்ணன் நம்பரை பிளாக் செய்தாள். புருவம் எழுதும் அதே நிதானத்தோடு, ஒவ்வொன்றாக.

இப்போது தை மாதம் சின்ன மகளுக்குக் கல்யாணம். இந்தத் தடவையும் அண்ணன் வராவிட்டால் அவளால் தாங்க முடியாது. இதை அவள் ஒருத்தரிடமும் சொல்லவில்லை. அன்புக்கரசியிடம் மட்டும் சொன்னாள், அதாவது தெருவுக்கே சொன்னாள்.

"நேர்ல போயி கூப்புட உனுக்கு கவுரவம். போனும் பண்ண மாட்ட," என்றாள் அன்புக்கரசி. "ஞாயித்துக்கெழம கடலூர்ல கார்டு பண்ற கிளாஸு இருக்குது. உன் கையால ஒரு கார்டு செஞ்சி அனுப்பு. அண்ணன் உருகிடுவாரு."

"உருகுறதுக்கு அவன் என்னா மெழுகுவத்தியா?"

"மெழுகுவத்தி கிளாஸு போன மாசமே முடிஞ்சிபோச்சிடி. இப்ப கார்டுதான்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் இருவரும் பஸ் ஏறினார்கள். அன்புக்கரசியின் பையில் மூன்று கத்தரிக்கோல், ஜிகினா டப்பா, புளிச்சோறு. நெய்வேலி வருவதற்குள் புளிச்சோறு தீர்ந்துவிட்டது.

வகுப்பு ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் நடந்தது. ஏசியும் முந்தாநாள் சாம்பார் வாசனையும் சேர்ந்து அடித்தன. முப்பது பெண்கள். சொல்லிக்கொடுக்க வந்தவள் தென்றல் என்ற சென்னைக்காரி. பருத்திப் புடவை, பெரிய வளையம், எதையும் பாதிக்கண் மூடிச் சொல்லும் பழக்கம்.

"நம்ம ஊர் கார்டுல எல்லாமே அதிகம். ரோஜா, ஜிகினா, நூறு பேரோட பேர். வெள்ளைய அப்படியே விடுங்க. சுத்தி ஒரு மெல்லிசான கோடு. ஒரு காய்ஞ்ச இலை. நடுவுல ஒரே ஒரு சொல். மத்ததெல்லாம் உள்பக்கம்."

அன்புக்கரசி அதைக் கேட்டுக்கொண்டே மூன்று ரோஜாவை ஒட்டி முடித்திருந்தாள். தென்றல் அதைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள்.

இளமதி எடுத்தது கறுப்பு. வேறு நிறத்தைக் கை தேடவே இல்லை. நாலு பக்கமும் நாலு இழுப்பு, மயிரிழை பிசகவில்லை. தென்றல் அந்த அட்டையைத் தூக்கிப் பிடித்து, "இதுதான் டிசைன்," என்றாள். முப்பது பேரும் கைதட்டினார்கள். இருபத்திரண்டு வருஷத்தில் லட்சம் புருவம் எழுதியிருக்கிறாள், ஒன்றுக்குக்கூட யாரும் கைதட்டியதில்லை. அதில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

நடுவில் ஒரே ஒரு சொல் என்றதும் மற்றவர்கள் அன்பு, நன்றி என்று எழுதினார்கள். இளமதிக்குத் தெரிந்து பத்திரிகை என்பது பெயர் போடுகிற இடம். அதனால் 'இளமதி' என்று எழுதினாள். உள்பக்கம், 'அண்ணா, சின்னவ கல்யாணத்தை நீதான் முன்னால நின்னு நடத்தணும். நான் செஞ்சது தப்பு' என்று எழுதினாள். கடைசி மூன்று சொற்களை எழுத, வெளியே போட்ட நாலு கோட்டையும் விட அதிக நேரம் பிடித்தது.

நாலு பக்கம் கறுப்புக் கோடு போட்ட அட்டை எதற்கு வரும் என்று அங்கிருந்த முப்பது பேருக்கும் தெரியும். கருமாதிக்குத்தான் வரும். ஏசியும் கைதட்டலும் சேர்ந்தால் தெரிந்ததும் மறந்துபோகும் போலிருக்கிறது.

மறுநாள் காலையில் நல்லூருக்குச் சவாரி போன பக்கிரியிடம் அட்டையைக் கொடுத்தனுப்பினார்கள். பழமலையின் மனைவி கண்ணம்மாள் வாசலில் நின்றாள். "விருத்தாசலத்துலேருந்து. அண்ணன்கிட்ட குடுத்துடுங்க," என்று நீட்டினார் பக்கிரி. தண்ணி குடிச்சிட்டுப் போங்க என்றாள். ஆட்டோவில் மூன்று பேர் முனகிக்கொண்டிருந்ததால் வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டு, போயிட்டு வரேன் என்றுகூடச் சொல்லாமல் வண்டியைத் திருப்பினார். சாவுச் சேதி கொண்டுவருகிறவன்தான் தண்ணீர் குடிக்காமல், சொல்லிக்கொள்ளாமல் போவான்.

கண்ணம்மாள் அட்டையைப் பார்த்தாள். கறுப்புக் கோடு, காய்ந்த இலை, நடுவில் நாத்தனார் பெயர். அந்த மாதிரி அட்டையைப் பிரித்துப் படித்து யாரும் வீட்டுக்குள் கொண்டுபோவதில்லை. வாசலிலேயே நாலாகக் கிழித்துச் சாக்கடையில் போட்டாள். அதற்குப் பிறகுதான் ஓவென்று அழுதாள்.

பழமலை ஓடிவந்து தங்கை வீட்டு நம்பர் ஒவ்வொன்றுக்கும் போட்டான். ஒன்றும் போகவில்லை. போகாது, பிளாக் செய்தவள் அவ்வளவு சுத்தமாகச் செய்திருந்தாள். செத்துக் கருமாதிவரை வந்தும் எனக்குச் சொல்லவில்லையே என்று தலையில் அடித்துக்கொண்டான்.

பதினோரு மணிக்கு, வேலைக்கு லீவு போட்டிருந்த இளமதி கருவாடு வறுத்துக்கொண்டிருந்தாள். தீட்டு வீட்டில் கருவாடு மணக்கிறதே என்று வாசலில் கண்ணம்மாள் ஒரு நொடி திகைத்தாள். அதற்குள் பழமலை, "என்ன பெத்தவளே, ஒரு வார்த்த பேசாம பூட்டியே," என்று கதறிக்கொண்டு உள்ளே வந்துவிட்டான். கையில் சம்பங்கி மாலை. கக்கத்தில் படத்துக்கு முன்னால் படைக்கப் புதுப் புடவை.

கரண்டியோடு இளமதி எட்டிப் பார்த்தாள். "எதுக்குண்ணா அழுவுற? யாரு செத்தா?"

பழமலை சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

கண்ணம்மாள் அழுகைக்கு நடுவே விஷயத்தைச் சொல்லி முடித்ததும் இளமதிக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. அந்தச் சிரிப்பு பாதியிலேயே உடைந்தது.

"பெரியவ கல்யாணத்துக்கு உசுரோட கூப்புட்டேன். வரல. இப்ப செத்துட்டேன்னதும் மாலையோட வந்துட்ட. நான் செத்தாதான் உனுக்கு தங்கச்சியாண்ணா?"

பழமலை மாலையைத் தரையில் வைத்தான். இளமதி கரண்டியைப் போட்டுவிட்டு அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். கருவாடு கருகியது.

சத்தம் கேட்டு ஓடிவந்த அன்புக்கரசி மாலையைப் பார்த்தாள், புடவையைப் பார்த்தாள், பழமலையைப் பார்த்தாள்.

"பாத்தியாடி, கார்டு வேல செஞ்சிடுச்சி," என்றாள்.

காப்பி வந்தது. பழமலை பாதி குடித்தான், கண்ணைத் துடைத்தான், தொண்டையைச் செருமினான்.

"சின்னவ பத்திரிகையில பாண்டியன் பேரு எங்க வருது?"

மனுஷன் அழுது முடித்து அரைமணி நேரம்கூட ஆகவில்லை.

"உனுக்கு கீழதாண்ணா," என்றாள் இளமதி. பாண்டியன் கோபித்துக்கொள்வார் என்று அவளுக்குத் தெரியும். அவளுக்கு மூன்றாவது மகள் இல்லை, அதனால் கவலையும் இல்லை.

கிளம்பும்போது கண்ணம்மாள் புடவையை மெல்ல முந்தானைக்குள் மறைத்தாள். இளமதி அதைப் பிடுங்கிக்கொண்டாள். நல்ல அரக்கு நிறம், மெல்லிய சரிகை. பெரியவள் கல்யாணத்துக்குப் பிறந்த வீட்டிலிருந்து ஒரு ரவிக்கைத் துணிகூட வரவில்லை.

"சின்னவ கல்யாணத்துக்கு இததான் கட்டப்போறேன்."

கண்ணம்மாள் பதறினாள். "வேணாம் இளமதி. அது சாவுக்கு எடுத்தது."

"இருக்கட்டும் அண்ணி," என்று இளமதி புடவையை மார்போடு வைத்துக்கொண்டாள். "சாவுக்குன்னாலும் எனுக்குன்னுதான எடுத்தீங்க."